சட்ட மாணவரும் பரிசுக் கட்டுரையும்

சட்டம் பயிலும் மாணவருக்கென நடத்தப்பெறும் கட்டுரைப் போட்டிகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச எண்ணுகின்றேன். இதில் எமக்கென்ன ஆகவேண்டியிருக்கின்றது என்று நேயர்களிற் சிலர் நினைத்தல் கூடும். நம்மவருள் நீதிமன்றப் படியேறாத குடும்பங்கள் அரியன. எல்லை வேலியின் ஒரு கதியாலுக்காகத் தந்தையும் மகனும் பேரனும் வழக்காடிய வரலாறுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ உண்டு. நாளை நமது வழக்கைப் பேசப்போகும் இளைஞன், நமக்கு நீதி வழங்கப்போகும் இளைஞன், தன் மாணவப் பருவத்தில் எதைப்பற்றிச் சிந்தித்தான், எவ்வாறு எழுதினான் என்பது நமக்குப் புறம்பான செய்தியன்று.

எமது பாடசாலையிலிருந்து சட்டம் கற்கச் சென்ற பிள்ளைகள் விடுமுறையில் வந்து காணும்பொழுது, கட்டுரைப் போட்டி எதிலேனும் கலந்துகொண்டீர்களா என்று நான் வினவுவதுண்டு. பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "அதற்குப் பரீட்சையிற் புள்ளி இல்லையே, சேர்" என்பதாகும். பெற்றோரின் எண்ணமும் அதுவே. புள்ளி இல்லையென்பது மெய். ஆயினும், அவ்வேலையின் சிறப்பே அந்த இல்லாமையிலேதான் இருக்கின்றது என்பது என் துணிபு. பரீட்சையில் மாணவன் முடிந்த சட்டத்தை எழுதுகின்றான். இன்ன பிரிவு இன்னது கூறுகின்றது, இன்ன வழக்கில் இவ்வாறு தீர்ப்பாயிற்று என்பதோடு அவன் கடமை தீர்ந்தது. மாதிரி வழக்காடும் போட்டியிலோ அவனுக்கு ஒரு கட்சி குறித்துக் கொடுக்கப்படுகின்றது. வாதியின் பக்கமாயின் வாதியின் பக்கம். பிற்காலத்தில் தொழிலுக்கு வந்தபின்னரும் கட்சிக்காரன் பக்கமே அவன் பக்கம். கட்சிக்காரனும் இல்லாமல், நீதிபதியின் முகக்குறிப்பும் இல்லாமல், இச்சட்டம் நியாயமானதா அன்றா என்று தன் மனத்தைக் கேட்டுத் தானே ஒரு முடிவுக்கு வரும் வாய்ப்பு அவனுக்குக் கட்டுரையிலேதான் கிட்டுகின்றது. பின்னர் அது கிட்டாமலே போகவும் கூடும்.

அவ்வாய்ப்பு என்ன செய்யவல்லது என்பதற்கு, இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1785 ஆம் ஆண்டு நடந்த ஒரு போட்டியைச் சொல்லலாம். அவ்வாண்டு உபவேந்தராயிருந்தவர் பீற்றர் பெக்காட் என்னும் சமயகுரு. அதற்கு நான்கு ஆண்டுகளின் முன், 1781 இல், சோங் என்னும் அடிமைக் கப்பலின் மாலுமிகள், குடிநீர் போதாதென்று காரணங்காட்டி, நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட ஆபிரிக்கரை உயிரோடு கடலில் எறிந்தனர். கப்பலின் சொந்தக்காரர் அவ்வுயிர்களைச் சரக்காக மதித்துக் காப்புறுதிப் பணம் கோரினர். 1783 இல் அவ்வழக்கு விசாரிக்கப்பட்டபொழுது கொலைக்குற்றம் பேசப்படவில்லை. நட்டத்தை யார் தாங்குவது என்பதே பேசப்பட்டது. யூரிமார் சொந்தக்காரர் பக்கமே தீர்ப்பளித்தனர். மான்ஸ்பீல்ட் பிரபுவின் மன்று மறுவிசாரணைக்கு இடமளித்தது. இச்செய்தி பெக்காட்டின் மனத்தைச் சுட்டது என்பர். பட்டதாரிகளுக்குரிய இலத்தீன் கட்டுரைப் பரிசுக்கு அவர் கொடுத்த பொருள், மனிதரை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக அடிமைகளாக்குதல் சட்டத்துக்கு அமையுமா என்பதாகும்.

அக்கேள்விக்கு விடை எழுதியவர்களுள் தோமஸ் கிளாக்சன் என்னும் 25 வயது இளைஞர் ஒருவர். தந்தையார் ஒரு பாடசாலையின் தலைமையாசிரியராயிருந்தவர் என்பதை ஆசிரியத் தொழிலோர் சார்பிற் சற்றே பெருமையோடு குறிப்பிடுகின்றேன். கிளாக்சன் சட்ட மாணவரல்லர். குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர். ஆனால் கேள்வி சட்டக் கேள்வி. முதலில் அவர் விரும்பியது பரிசின் புகழையே. முந்திய ஆண்டும் ஒரு பரிசு பெற்றிருந்தார். மறுபடியும் பெறவேண்டும் என்பது ஆசை. அடிமை வியாபாரத்தைப் பற்றி அவர் அதுகாறும் யாதும் அறியார். எனவே ஆதாரம் தேடினார். அவ்வியாபாரத்தில் ஈடுபட்டிருந்து இறந்துபோன ஒருவரின் கையெழுத்துத் தாள்களைப் பெற்றுப் படித்தார். அந்தோனி பெனசெற் என்பவர் கினிக் கரையைப் பற்றி எழுதிய நூல் விற்பனைக்கிருப்பதைப் பத்திரிகையிற் கண்டு இலண்டனுக்கே சென்று வாங்கிவந்தார். படிக்கப் படிக்கப் பரிசின் நினைவு பின்னே போயிற்று. பகலில் அமைதியில்லை, இரவில் உறக்கமில்லை. எழும் எண்ணத்தை உடனே குறித்துக்கொள்வதற்காக அறையில் இரவு முழுவதும் விளக்கெரிய வைத்திருந்தார் என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார்.

முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. பேரவை மண்டபத்திற் கட்டுரையை வாசித்துப் பாராட்டும் பெற்றார். மற்றையோராயின் அத்தோடு கதை முடிந்திருக்கும். இவரோ இலண்டனை நோக்கிக் குதிரையேறிச் செல்லும் வழியில் அதையே எண்ணி எண்ணி, வேட்ஸ்மில் என்னும் ஊரருகே குதிரையைவிட்டு இறங்கித் தெருவோரத்தில் அமர்ந்துவிட்டார். தான் எழுதியது மெய்யாயின், இக்கொடுமையை ஒழிக்க யாரேனும் ஒருவர் முன்வர வேண்டுமே என்ற நினைவு அவ்விடத்திற் பிறந்தது. அதன் நினைவாக 1879 இல் அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது.

கட்டுரையை ஆங்கிலத்தில் ஆக்கி 1786 இல் வெளியிட்டார். 1787 மே மாதத்தில் அடிமை வியாபார ஒழிப்புக்கென இலண்டனிற் பன்னிருவர் கூடி ஒரு குழு அமைத்தனர்; கிளாக்சன் அவர்களுள் ஒருவர். பிறிஸ்டல், லிவர்பூல் முதலிய துறைமுகங்களுக்குச் சென்றார், மாலுமிகளை விசாரித்தார், கப்பல்களின் உள்ளகலத்தை அளந்தார், கைவிலங்கும் கால்விலங்கும் விலைகொடுத்து வாங்கிவந்து காட்டினார். நாடாளுமன்றத்தில் வில்பர்போஸ் பேசிய பேச்சுக்களுக்கு உரமாயமைந்தவை இவர் தேடிக்கொடுத்த சான்றுகளே. 1807 இல் பிரித்தானியா அவ்வியாபாரத்தைத் தடைசெய்தது. குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தையே ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியபொழுது கிளாக்சனுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அந்த 1833 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்று அச்சட்டத்திலேயே விலக்கு எழுதப்பட்டிருந்தது. அடிமைத்தனமென்றவுடன் ஆபிரிக்காவையும் அமெரிக்காவையும் மட்டும் நினைக்கும் பழக்கம் நமக்குண்டு. ஆகவே இதை இங்கே நிறுத்திச் சொல்லவேண்டியிருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில், தொகுக்கப்பெற்ற நமது தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருந்தன. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியினால், 1816 ஓகஸ்ட் 12 ஆந் தேதி முதற்கொண்டு அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைச் சுதந்திரராக விட்டுவிட எசமானர் பலர் இசைந்தனர். முற்றாக ஒழிக்கும் கட்டளைச் சட்டம் இத்தீவில் 1844 இலேதான் வந்தது. பெக்காட்டின் கேள்வி கேம்பிறிட்ஜ் மண்டபத்துக்கு மட்டும் உரியதன்று. நமது முற்றங்களுக்கும் உரியதாயிருந்தது.

இனி, பரிசு பெற்ற இன்னொரு கட்டுரையைப் பார்ப்போம். 1784 ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்து மெற்ஸ் நகரக் கழகம் ஒரு கேள்வியைப் போட்டிக்கு விட்டது. குற்றவாளி ஒருவன் இழிவான தண்டனை பெற்றால், அவமானம் அவன் குடும்பத்தார் அனைவர் மீதும் படிகின்றதே, அவ்வெண்ணம் எங்ஙனம் தோன்றிற்று, அதனால் விளைவது நன்மையா தீமையா என்பது கேள்வி. முதற்பரிசு லக்கிரெத்தெல் என்னும் சட்டத்தரணிக்குச் சென்றது. அராஸ் நகரத்து 26 வயது இளம் சட்டத்தரணி ஒருவரின் கட்டுரையும் நன்றென மதிக்கப்பட்டு, 400 லீவர் பெறுமதியான பரிசை அவர் பெற்றார். குற்றம் செய்தவனுக்கே தண்டனை. அவன் மனைவிக்கும் மகனுக்கும் உடன்பிறந்தாருக்கும் அதில் ஏது பங்கு என்று வாதித்து, அக்கட்டுரையை அவர் அச்சிட்டும் வெளியிட்டார். அவர் பெயர் மக்சிமிலியன் றொபெஸ்பியர்.

கேள்வி வீண்போகவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்பின், 1790 சனவரியில், குற்றங்கள் அவரவர்க்கே உரியன, குற்றவாளியின் தண்டனை குடும்பத்துக்கு எவ்வித மாசும் ஆகாது என்று தேசிய சபை விதித்தது. 1791 இல் மரண தண்டனையையே நீக்குமாறு றொபெஸ்பியர் அச்சபையிற் பேசினார். ஆனால் 1793 செப்தெம்பரில், அவர் ஆட்சிக்குழுவில் அமர்ந்திருந்த காலத்தில், சந்தேகத்துக்குரியோர் பற்றிய சட்டம் வந்தது. நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் மனைவியர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோர் புரட்சியிடம் இடையறாத பற்றைக் காட்டாதிருந்தாரெனில் அவர்களையும் சிறைப்படுத்த அது இடங்கொடுத்தது. 1794 யூனில், அவர் ஆதரித்த மற்றொரு சட்டம் புரட்சி மன்றின் முன் நிறுத்தப்பட்டோருக்குச் சட்டத்தரணியின் துணையையும் பறித்தது. அவ்வாண்டு யூலை 28 இல் அவரே கொலைக்களம் சென்றார். உடன் மாண்டவர்களுள் அவர் தம்பியும் ஒருவர். சகோதரியார் சார்லொட் கைதுசெய்யப்பட்டார். குடும்பத்தாருக்குக் குற்றத்திற் பங்கில்லை என்று பத்தாண்டுகளின் முன் அண்ணன் எழுதிய கட்டுரை அச்சில் இருக்கத்தான் இருந்தது.

இருவரும் பரிசு பெற்றவர்கள். இருவரும் நியாயத்தையே எழுதினார்கள். நடுவர்கள் கட்டுரையைத்தான் அளக்க முடியும். எழுதியவன் மறுநாட் காலையில் எந்தத் தெருவால் நடப்பான் என்பதை அவர்கள் எவ்வாறு அளப்பது?

பரிசுக் கட்டுரை யாவும் இத்துணைப் பெரிய காரியங்களில் முடியவேண்டுமென்று நான் சொல்லவில்லை. அமைதியான பயனும் உண்டு. கேம்பிறிட்ஜில் யோர்க் பரிசு என்று சட்டக் கட்டுரைக்கு ஒரு பரிசு. அதை நான்கு முறை வென்றவர் தோமஸ் எட்வேட் ஸ்குறட்டன். பதிப்புரிமை, ஆங்கிலச் சட்டத்தில் உரோமச் சட்டத்தின் செல்வாக்கு, நிலத்தின்மீதுள்ள தளைகள், பொது நிலங்கள் என்று அவர் எழுதிய கட்டுரைகள் நூல்களாக வெளிவந்தன. பிற்காலத்தில் மேன்முறையீட்டு நீதியரசராகி, வர்த்தக வழக்குகளில் அவர் எழுதிய தீர்ப்புக்களை இன்றும் மேற்கோள் காட்டுவர். இளமையில் ஒரு பொருளை அடிமுதல் நுனிவரை துருவியறிந்த பழக்கம் அவரைக் கைவிடவில்லை.

இக்காலத்துப் போட்டிகளுக்கு வருவோம். பெயருக்குப் பதிலாக இலக்கமிட்டு அனுப்புதல், இத்தனை சொற்களுக்கு மேற்படலாகாது என்ற வரம்பு, எடுத்தாண்ட வழக்குகளுக்கு அடிக்குறிப்பு ஆகிய ஒழுங்குகளெல்லாம் நல்லனவே. குறை பெரும்பாலும் தலைப்பிலே இருக்கின்றது. "சட்டமும் சமுதாயமும்", "சட்டத்தின் ஆட்சியும் மனித உரிமையும்" என்று தலைப்பிட்டால் மாணவன் என்ன செய்வான்? எமது பாடசாலைப் பிள்ளைகள் "நான் ஒரு மந்திரியானால்" என்ற கட்டுரையை மனனஞ்செய்துகொண்டு வருவதுபோல, அவனும் எங்கும் பொருந்தும் வாசகங்களை ஆயத்தமாக வைத்திருப்பான். இன்றோ அந்தச் சிரமமும் வேண்டியதில்லை. கணிப்பொறியிடம் கேட்டால் அது நொடியில் அழகாகவே எழுதிக்கொடுக்கும். அதைத் தடுக்க விதிகள் வகுக்கின்றார்கள், வகுக்கட்டும். ஆனால் கணிப்பொறி துறைமுகத்துக்குப் போய் மாலுமியை விசாரிக்காது. விசாரித்தாலன்றி விடை சொல்லமுடியாத கேள்வியைக் கொடுப்பதே தக்க தடையென்று எனக்குப் படுகின்றது.

நம்மிடையே அத்தகைய கேள்விக்குப் பஞ்சமில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் விவாக உரிமையையும் முதுசத்தையும் பற்றி 1911 இல் இயற்றப்பெற்ற கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றிக் கைமாற்ற இயலாதென விதித்தது. சீதனமாகத் தன் பேரில் எழுதப்பட்ட காணிக்கும் அவள் கையொப்பம் மட்டும் போதாது. சம்மதம் பெற இயலாதவிடத்து மாவட்ட நீதிமன்றை நாடலாமென்று வழியும் வைத்தது. இவ்விதி நியாயமானதா என்பதைத் தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டினால் மட்டும் விடை வராது. மாணவன் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்திற் சில நாள் இருந்து பார்க்கவேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாமல் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த பெண் ஒருத்தியோடு பேசவேண்டும். அவள் எத்தனை முறை வழக்கிற்குச் சென்றாள், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டெழுதவேண்டும். மறுபக்கமும் உண்டு, குடும்பத்தின் காணி கைநழுவாமல் அவ்விதி காத்ததென்று சொல்லும் முதியோரையும் அவன் கேட்கவேண்டும். பின்னர் தன் முடிவை எழுதட்டும். அது எம்முடிவாயினும் ஆகுக.

போட்டி நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பரிசளிப்பு விழாவில் மாலையும் புகைப்படமும் ஆனபின், கட்டுரைகள் பெட்டியிற் கட்டிவைக்கப்படுகின்றன. சில ஆண்டுகளிற் செல்லரித்துப் போகின்றன. முதற்பரிசு மட்டுமன்றி இரண்டாம், மூன்றாம் பரிசு பெற்றவற்றையும் எழுதியவரின் பெயரோடும் ஆண்டோடும் அச்சிட்டு, ஊர் நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். அதிகம் செலவாகாது. இருபது ஆண்டுகளின் பின் அவர்களுள் ஒருவர் நீதியாசனத்திலோ மந்திரிசபையிலோ அமர்ந்திருக்கும்பொழுது, அவர் இளமையில் எழுதியதை ஊரார் எடுத்து வாசிக்க வழியிருக்கும்.