அழைப்புக் குறியும் குறிப்பேடும்

ஊர் அடங்கிய இரவில் ஒரு சிறு கருவியின் முன் அமர்ந்து, கடல் கடந்த நாட்டிலுள்ள முகமறியாத ஒருவருடன் உரையாடும் அமெச்சூர் வானொலியாளர்களைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பீர்கள். அவர்களுள் யானும் ஒருவன். எங்கள் மேசைமீது கருவிக்கு அடுத்தபடி மதிப்புடைய பொருள் ஒரு குறிப்பேடு. அதனை ‘லாக்’ என்போம். அதைப் படிக்கும் முறையையும், அதில் யான் செய்த பிழையொன்றையும் இன்று கூற விழைகிறேன்.

ஒவ்வோர் உரையாடலுக்கும் அதில் ஒரு வரி உண்டு: தேதி, நேரம், அலைவரிசை, எதிர்நிலையத்தின் அழைப்புக் குறி, ஒலியின் மதிப்பெண்.

அழைப்புக் குறி என்பது பெயரும் விலாசமும் ஒன்றாய் அமைந்தது. அதன் தொடக்கம் நாட்டைக் காட்டும். ‘ஓ.எச்.’ எனில் பின்லாந்து, ‘4எஸ்.’ எனில் இலங்கை, ‘வி.யூ.’ எனில் நம் இந்தியா. நம் நாட்டில் வி.யூ.2, வி.யூ.3 என்பன உரிமத்தின் தரத்தைக் குறிப்பன, வி.யூ.4 அந்தமான் நிகோபாருக்கும், வி.யூ.7 இலட்சத் தீவுகளுக்கும் உரியவை. இறுதி எழுத்துக்கள் அந்தத் தனிமனிதரைச் சுட்டும்.

மோர்ஸ் ஒலிக்கு 579 என்று மதிப்பெண் எழுதியிருந்தால், முதல் இலக்கம் ஐந்துக்கு ஐந்து. செய்தி முற்றும் விளங்கியது. அடுத்தது ஒன்பதில் ஏழு. ஒலி ஓரளவு வலிவுடையது. இறுதி இலக்கம் ஒன்பது, ஒலி தூயது.

இனி, என் பிழை. குறிப்பேட்டில் உலகப் பொது நேரமே எழுதப்பெற வேண்டும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் செல்வது. பழகாத நாளில், 5ஆம் தேதி பின்னிரவு 1 மணி என்று கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதிவிட்டேன். உலக நேரப்படியோ அது 4ஆம் தேதி 19.30! பின்லாந்து அன்பர் அந்த நேரத்தைக் குறித்து ஒப்புகை அட்டை வேண்டினார். அந்தத் தேதியில் தேடினேன், காணவில்லை. ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். நூறு நாடுகளுடன் பேசியதற்கு ஒப்புகை பெற்றோர்க்கு ஒரு விருது உண்டு. அவருக்கு இந்தியாவே நூறாவது நாடு. பல திங்கள் கழித்து அந்த வரி என் கண்ணிற்பட்டபோது, மெய்யுரைத்த ஒருவரைப் பொய்யராக்கினேனே என்று நாணினேன். மன்னிப்புடன் அட்டையை அனுப்பினேன். அவர் பெருந்தன்மையுடன் ஏற்றார்.

இது விருதோடு முடிவதன்று. 2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29க்கு நிலம் நடுங்கிக் கடல் பொங்கியபொழுது, போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் அவர்களும் குழுவினரும் முகாமிட்டிருந்தனர். தொலைபேசிகள் ஓய்ந்தன, அவர்களுடைய வி.யூ.4 ஆர்.பி.ஐ. நிலையம் தீவினரின் நலச்செய்திகளைக் கரைசேர்த்தது. உற்றாரின் செய்திக்காகக் காத்திருப்பவனுக்கு ஓரெழுத்து மாறினாலும் ஓரிலக்கம் பிறழினாலும் என்னவாகும்!

ஆகவே, புதிதாய் வருவோர்க்கு யான் கூறுவது இதுவே: கேளாத எழுத்தை ஊகித்து எழுதாதீர்கள், மறுமுறை கேளுங்கள். நீங்கள் எழுதும் ஒரு வரி, எங்கோ ஒருவருக்குச் சாட்சியாகிறது.