நந்தா விளக்கும் பேட்டைச் சுவரும்



பழங்கட்டடங்களின் பரிபாலனத்தைப் பற்றிப் பேச வருவோர், தஞ்சைப் பெரிய கோயிலையோ மாமல்லபுரத்தையோ எடுத்துக்கொண்டு அவற்றின் மகோன்னதத்தை வர்ணித்துவிட்டு அமர்வது சம்பிரதாயம். ஆயினும், கிணற்றில் நல்ல தண்ணீர் கண்டாலே பாக்கியம் என்றிருக்கும் இக்கரிசற் சீமையில் பிறந்து, தறியோசை கேட்டு வளர்ந்து, பட்டதாரிகளாய் நிற்கும் உங்களிடத்தில், நீங்கள் நாள்தோறும் கடந்து போகும் சுவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

திருச்சுழிக்கு அருகே, குண்டாற்றின் கரையில், பள்ளிமடம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள சிவாலயம், சோழன் தலைகொண்ட வீரபாண்டியனுடைய காலமாகிய 10ஆம் நூற்றாண்டில், சுந்தரபாண்டிய ஈசுவரம் என வழங்கிய பள்ளிப்படைக் கோயில், அதாவது மறைந்தவரின் நினைவாக எழுப்பிய கோயில். அதன் சாசனங்களில் யுத்தப் பிரதாபத்தைத் தேடிச் சென்றவன் ஏமாந்தே திரும்புவான். நந்தா விளக்கு என்னும் அணையா விளக்கு எரிப்பதற்கு ஆடு விட்ட செய்திதான் அங்கே மிகுதி. அக்கால வழக்கப்படி, ஆட்டை ஏற்றுக்கொண்டவன் கோயிலுக்கு நாள்தோறும் நெய் அளக்கவேண்டும். கிழடானதைக் கழித்து, ஈன்ற குட்டியைச் சேர்த்து, மந்தையின் தொகை குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அவனுக்குப் பின் அவன் வாரிசுகளும் அப்படியே செய்யவேண்டும். நெல் விளைவது நிச்சயமில்லாத பூமியில், மேய்ச்சலை நம்பி விளக்கெரித்த அந்த யுக்தியை நான் பெரிதும் மெச்சுகிறேன். ஒருநாள் உற்சவமாக ஏற்றி வைத்துவிட்டுப் போகாமல், பேரன் காலத்து நெய்க்கும் அன்றே வழி பண்ணிய புத்தி அது.

அந்தப் புத்தி அருப்புக்கோட்டை வணிகர்களிடத்திலும் இருந்தது. கருப்பட்டியும் பருத்தியும் புகையிலையும் மாட்டின் முதுகிலும் வண்டியிலும் ஏற்றி, திருட்டு பயம் மிகுந்த பாதைகளில் வந்த நாடார் வணிகர், சரக்கையும் மாட்டையும் பத்திரமாய் வைக்க உயர்ந்த மதிலெழுப்பிப் பேட்டைகள் அமைத்தனர். விருதுநகர், சிவகாசி, பாலையம்பட்டி முதலிய ஊர்களுடன் அருப்புக்கோட்டையும் இவ்வகையில் பேர் பெற்றது. விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறை என்னும் சமூகச் சபை வசூலித்த மகமை என்னும் பொதுநிதியிலிருந்தே பேட்டையைப் பழுதுபார்த்தார்கள், கிணறு வெட்டினார்கள், பிற்பாடு பள்ளிக்கூடமும் வைத்தார்கள். தனவந்தர் ஒருவரின் தாராளத்தை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி, அக்காலத்துச் சுவரைச் சற்று நெருங்கிப் பாருங்கள். செங்கல்லின் இடுக்கில் இருப்பது, சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு, மாடு கட்டி அரைத்த காரை. மேலே பனங்கை பரப்பிய மச்சு. நம் கரிசல் மண் மழைக்குப் பருத்து, கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும் சுபாவமுடையது. அதன்மீது நிற்கும் சுவர் ஆண்டுதோறும் சற்றே அசைந்துதான் தீரும். சுண்ணாம்புக் காரை அந்த அசைவுக்கு இடங்கொடுப்பதோடு, மயிரிழை வெடிப்பில் மழைநீர் இறங்கும்போது கரைந்து, மீண்டும் இறுகி, வெடிப்பைத் தானே அடைத்துக்கொள்ளவும் வல்லது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் மாவாய் உதிர்கிறது. ஜீர்ணோத்தாரணம், அதாவது திருப்பணி, என்ற பெயரில் நாம் செய்யும் அபசாரங்களில் இதுவே முதன்மையானது என்பேன். கல்வெட்டின்மேல் உயரழுத்த மணலை வீசிச் 'சுத்தம்' செய்த கைங்கரியமும் உண்டு. ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அழிக்காத எழுத்தை அரைநாளில் தேய்த்துவிட்ட அம்முறையை அறநிலையத் துறையே தடைசெய்யும்படி ஆயிற்று.

இத்தகைய அழிவுக்குத் தப்பி நிற்கும் வீடு ஒன்று திருச்சுழியில் உண்டு. வக்கீல் சுந்தரமய்யருக்கும் அழகம்மைக்கும் 1879 டிசம்பர் 30ஆம் தேதி அதில் பிறந்த வேங்கடராமன், 1896இல் திருவண்ணாமலை சேர்ந்து ரமண மகரிஷியாகி, 1950இல் அங்கேயே சமாதியடைந்தார். இடையில் அந்த வீட்டை அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. எனினும் ரமணாசிரமம் அதனைச் சுந்தர மந்திரம் என்ற பெயரோடு போற்றி வருகிறது. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலைத் தரிசித்துவிட்டு அவ்வீட்டுக்குள் நுழைபவர், அக்காலத்து நடுத்தரக் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதையும் கண்டுகொள்ளலாம். ஆனால், வீட்டுக்கொரு ஞானி பிறந்தால்தான் நம் தெருக்களில் திண்ணை மிஞ்சும் என்றால், அது நடக்கிற காரியமா?

உங்களுள் சிலர் பொறுப்புள்ள உத்தியோகம் பெறுவீர்கள். சிலர் தகப்பனாரின் கடையை ஏற்பீர்கள். திருப்பணிக்கான மதிப்பீடு உங்கள் மேஜைக்கு வரும்போது, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சிமெண்டு எவ்வளவு என்று கேளுங்கள். கடைக் கணக்கில் மகமைக்கு ஒரு வரி இருந்தால் அடித்துவிடாதீர்கள். அதற்குள், வரும் விடுமுறையிலேயே நாலைந்து பேர் கூடி, நாடாவும் காகிதமுமாய்ப் போய், எஞ்சியிருக்கும் பழஞ்சுவர்களை அளந்து, படம் எழுதி, இக்கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். உங்களுக்குப் பின் வரும் வகுப்பினர் அடுத்த தெருவிலிருந்து தொடங்கிக்கொள்ளட்டும்.