கட்டிடத் திருப்பணிக் காலத்தில் கூட்டங்கள்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



நம் சங்கக் கட்டிடத்தை ஓராண்டுக் காலம் பழுது பார்ப்பதென்று நிர்வாக சபையார் தீர்மானித்திருக்கின்றனர். பணத்தைப் பற்றி முன்னே பேசியவர் விரிவாக எடுத்துரைத்துவிட்டார். நான் சொல்ல வந்தது சிறு விஷயம்போலத் தோன்றும். அவ்வோராண்டில் நாம் எங்கே, எப்பொழுது கூடுவது என்பதே அது. வேலை முடியுமளவும் கூட்டங்களை நிறுத்திவைக்கலாமென்று சிலர் கூறுகின்றனர். அது தகாதென்பது என் அபிப்பிராயம்.

நம் ஆலயங்களில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயஞ் செய்வதை யாவரும் அறிவீர்கள். மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறோரிடத்தில் ஆவாகனஞ் செய்து, அங்கே நித்திய பூஜையை நடத்துவர். இடம் சுருங்குமேயன்றிப் பூஜை நிற்பதில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் 1963, 1995, 2009 ஆகிய ஆண்டுகளில் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அவற்றுக்கு முந்திய திருப்பணிக் காலங்களில் கோயில் பூட்டிக் கிடக்கவில்லை.

லௌகிக சபைகளிலும் இம்முறை உண்டு. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் காமன்ஸ் சபை மண்டபம் குண்டுவீச்சினால் எரிந்தபொழுது, பிரபுக்கள் சபையார் தங்கள் மண்டபத்தை அவர்களுக்கு விட்டுத் தாங்கள் வேறோர் அறையிற் கூடினர். புது மண்டபம் 1950-இல் திறக்கப்படும்வரை காமன்ஸ் சபை நில்லாது நடந்துவந்தது.

இதனினும் நமக்கு அதிகம் பயன்படுவது நியூயார்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் சபைத் தலைமை நிலையத்தின் அநுபவம். 2008 முதற்கொண்டு அக்கட்டிடங்கள் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டன. வடபுறத்துப் புல்வெளியில் ஒரு தற்காலிகக் கட்டிடம் எழுப்பினர். உத்தியோகஸ்தர் பலர் நகரத்தில் வாடகை இடங்களுக்குப் போயினர். 2013 செப்டம்பரில் பொதுச்சபையே அத்தற்காலிகக் கட்டிடத்திற் கூடியது. மறுவருஷம் தன் பழைய மண்டபத்திற்குத் திரும்பிற்று. 193 தேசங்களின் பிரதிநிதிகளுக்கு ஆறு பாஷைகளில் மொழிபெயர்ப்பு வேண்டும். ஆகையால் அங்கே அறை மட்டும் இருந்தாற் போதாது. காலை 10 மணி முதல் 1 மணி வரை, பிற்பகல் 3 முதல் 6 வரை என்று வேளைகள் வகுக்கப்பட்டுள்ளன. (நம்மவர் 10 மணிக் கூட்டத்துக்கு 11 மணிக்கு வருவதை நான் இங்கே பிரஸ்தாபிக்க விரும்பவில்லை.)

அவ்வேற்பாட்டில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பிரதேசவாரியாகக் கூடும் குழுக்கள் முதலானவற்றுக்கு உரிமையாக வேளை ஒதுக்குவதில்லை. வேறொரு கூட்டம் ரத்தானால் அதன் மொழிபெயர்ப்பாளர்கள் இவர்களுக்குக் கிடைப்பார்கள். ஆகவே, ரத்துச் செய்பவர் காலத்திற் சொல்லாவிட்டால், காத்திருப்பவர் நஷ்டமடைகின்றார். பெரிய தேசத்தார் தம் காரியத்தை எங்கேனும் முடித்துக்கொள்வர். சிறு தேசத்தாருக்கோ ஒன்றுகூடிக் கலந்து பேசும் அவ்வேளையே பலம்.

நமக்கும் இது பொருந்தும். இடம் குறையுங்கால் முதலில் தள்ளிவைக்கப்படுவது எது? ஆண்டு விழா தள்ளப்படமாட்டாது. அதற்கு வேறு மண்டபம் பிடித்துவிடுவோம். கல்வி உதவிக் கமிட்டியும், விதவைகளின் மனுக்களை விசாரிக்கும் கமிட்டியுமே "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நிறுத்தப்படும். காலேஜுக்குச் சம்பளம் கட்டும் கடைசித் தேதி நம் கொத்தனாருக்காகக் காத்திராது. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு தாயார், கதவு பூட்டியிருக்கக் கண்டு திரும்பிப் போவாராயின், அன்றைய கூலியும் போயிற்று. பிள்ளையின் படிப்பும் சந்தேகம்.

ஆதலின் வேலையைப் பஞ்சாங்கம் பார்த்து வகுக்கவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் வீட்டுக் கலியாணங்கள் இல்லை. பெரிய மண்டபத்தை அம்மாதங்களில் கொத்தனாரிடம் விடலாம். மேல்தளத்தை ஐப்பசி கார்த்திகை மழைக்குமுன் முடித்தாகவேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் நகருக்குள் ஒரு கூட்டமும் வைக்கலாகாது. மேலூர்ப் பக்கத்து நஞ்சை அங்கத்தினருக்கு நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களை முன்னரே கேட்டறிதல் நன்று.

கூட்டங்களுக்கு ஒரே பதிவுப் புத்தகம் காரியதரிசியிடம் இருக்கட்டும். தலைவர் வாய்மொழியாகக் கொடுக்கும் அநுமதி செல்லாது. ரத்துச் செய்பவர் மூன்று நாள் முன்னதாக அறிவிக்கவேண்டும். அப்புத்தகத்தின் முதற் பக்கத்தில் கல்வி உதவிக் கமிட்டியின் பன்னிரண்டு கூட்டங்களுக்குரிய தேதிகளை இன்றைக்கே எழுதிவிட வேண்டுமென்று நான் பிரேரேபிக்கின்றேன்.