கொழுந்துக் கூடையும் மூளைக் கணக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணக்கு என்றதும் பின்வரிசையில் சிலர் எழுந்து போக எத்தனிப்பது தெரிகிறது. உட்காருங்கள், கரும்பலகை கொண்டு வரவில்லை. பலாப்பழத்தோடு ஆரம்பிக்கிறேன்.

காரி நாயனார் என்பவர் இயற்றிய கணக்கதிகாரம் என்றொரு பழைய தமிழ் நூல் உண்டு. பலாவை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல அதில் வழி கூறப்பட்டிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள் இருந்தால் 60 சுளை. சப்பிரகமுவாவில் பலாவுக்குப் பஞ்சமில்லை, சோதித்துப் பாருங்கள். பழத்துக்குப் பழம் மாறும் என்பதே என் அபிப்பிராயம். ஆயினும், அறுக்கும் முன் யோசிக்கச் சொன்னாரே, அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

இனி நிறுவைக்கு வருவோம். அக்காள், தங்கை இருவர். சாக்கோடு நிறுத்தால் தங்கைக்கு 10 கிலோ, அக்காளுக்கு 30 கிலோ. சாக்கின் பாரம் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாக்குக்காக இருவருக்கும் நூற்றுக்குப் பத்து கழிக்கிறார்கள். இருவருக்கும் ஒரே வீதந்தானே, இதில் ஓரவஞ்சனை எங்கே என்று கேட்கத் தோன்றும். தங்கைக்கு ஒரு கிலோ கழிகிறது, அது சரி. அக்காளுக்கோ மூன்று கிலோ! அவள் சாக்கும் ஒரு கிலோதான். இரண்டு கிலோ கொழுந்து காற்றில் போயிற்று. 25 நாளில் 50 கிலோ. மழைநாளில் ஈரத்துக்கு வீதப்படி கழிப்பதில் நியாயம் உண்டு. கொழுந்து கூடினால் அதில் ஒட்டிய நீரும் கூடும். சாக்கு அப்படிக் கூடுவதில்லையே! கூட்டல் கழித்தல் தெரிந்தால் மட்டும் போதாது, எதை வீதமாகக் கழிப்பது, எதை முழுசாகக் கழிப்பது என்றும் கேட்கத் தெரிய வேண்டும். நம் தாய்மார் இதை மரியாதையாக, ஆனால் உரக்கக் கேட்கலாம்.

அடுத்தது ஸ்டோருக்குள் நடப்பது. 100 கிலோ பச்சைக் கொழுந்து. அதில் நூற்றுக்கு 80 பங்கு நீர் என்க. பரப்பிக் காற்றுவிட்டு வாட்டிய பிறகு நீர் நூற்றுக்கு 60 பங்காகக் குறைந்துவிட்டது. இப்போது பாரம் என்ன? 80 கிலோ என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது. யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். விடை 50 கிலோ!

கண் கட்டு வித்தை ஒன்றுமில்லை. நீர் போக எஞ்சும் சத்து 20 கிலோ. அது காற்றில் பறப்பதில்லை. வாட்டிய பிறகு நீர் 60 பங்கு என்றால் சத்து 40 பங்கு. 20 கிலோ 40 பங்கானால் மொத்தம் 50 கிலோதானே? பாதிப் பாரம் போய்விட்டது. பிறகு அரைத்து, புளிக்கவிட்டு, காயவைத்து நீரை 3 பங்குக்குக் கொண்டுவந்தால் கைக்கு வருவது இருபதரைக் கிலோவுக்குச் சற்றே அதிகம். ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறக்குறைய ஐந்து கிலோக் கொழுந்து பறிக்க வேண்டியிருக்கும் கதை இதுதான்.

கடைசியாக லயத்துக் கணக்கு. ஒரு லயத்தில் எட்டுக் காம்பரா. கதவுகளுக்கு 1 முதல் 8 வரை இலக்கம். ஆறாம் கதவில் நில்லுங்கள். இடப்பக்கத்து இலக்கங்களைக் கூட்டினால் 15. வலப்பக்கம் 7ம் 8ம் 15. இதே ஜாதிப் புதிர் 1914 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் என்னும் ஆங்கில சஞ்சிகையில் வந்தது. வீதியில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள் என்பது நிபந்தனை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் அதை வாசித்துக் காட்டினார். கேட்டவர் கும்பகோணத்து ராமானுஜன். அடுப்பில் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறியபடியே விடை சொன்னார். 288 வீடுகள், 204ஆம் கதவு என்ற ஒரு விடை மட்டுமல்ல. இத்தகைய வீதிகள் அத்தனைக்கும் பொருந்தும் ஒரே தொடர்பின்னம்!

எட்டுக்கு அடுத்தது 49 காம்பராக்கள் கொண்ட லயம். அவ்வளவு நீள லயத்தை நான் எங்கும் கண்டதில்லை, கணக்கில் மட்டும் கட்டிக்கொள்வோம். அதில் எந்தக் கதவில் நிற்க வேண்டும்? பென்சில் வைத்திருப்பவர்கள் இப்போதே தொடங்கலாம்; தேநீர் வரக் கால் மணி நேரம் இருக்கிறது.