எண்ணட்டும், பிறகு எழுதட்டும்

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கத்துக்கு நூறு வயது நிறைகிறது. நூறு வரை எண்ணப் பழகும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். கண்டியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், கொப்பியும் பென்சிலுமாக உட்காரும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாம்தானே.

"டொக்டர், மகள் 3ஐத் திருப்பி எழுதுறா. மூளையில் ஏதும் குறையா?" தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதலாம் தரத்துப் பிள்ளை 3, 7 போன்றவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல எழுதுவது சாதாரணம். கோப்பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான். இலக்கத்துக்கு மட்டும் இடம், வலம் முக்கியம் என்பது பிள்ளைக்குப் புதிய பாடம். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் இது தானாகச் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் நீடித்தால், அல்லது எது கூட, எது குறைய என்று சிறு தொகைகளையே ஒப்பிட முடியாவிட்டால், வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த நிலையிலும் அடிக்க வேண்டாம்.

இருபது வரை ஒப்புவிக்கும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை கேட்டுப் பாருங்கள். சிலர் கைநிறைய அள்ளித் தருவார்கள். எண்களின் பெயரைச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான், வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை. ஜெல்மன், கலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய நூலில் விளக்கிய விதிகளில் முக்கியமானவை இவை. இவை பிடிபட்ட பிறகுதான் இலக்கத்துக்குப் பொருள் வரும்.

நம் மொழி இதற்கு உதவுகிறது. பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. ஆனால் தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிப்பதால் பிள்ளை அங்கே தடுமாறும். நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவானவள் அல்ல. நூறையும் ஐந்தையும் கேட்டபடியே எழுதியிருக்கிறாள். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெரிய கட்டாக்கி, பக்கத்தில் ஐந்து தனி ஈர்க்குகளை வையுங்கள். 105இல் நடுவே பூச்சியம் ஏன் நிற்கிறது என்று அவளே சொல்வாள்.

எழுதும் கையும் மெல்ல மெல்லத்தான் பழகும். ஏடு தொடக்கும் நாளில் விரல் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோமே, அது ஒரே நாளோடு நின்றுவிட வேண்டுமா? தட்டில் அரிசியோ மணலோ பரப்பி, விரலால் பெரிதாக எழுதட்டும். பிறகு பென்சில். ஒரே இலக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவிப்பதைவிடப் பத்து நிமிட விளையாட்டு மேல். விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். படிகளை எண்ணுங்கள். கொழும்பு பஸ்ஸின் 1ஐக் காட்டுங்கள். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதிப் பலகையில் 9ஐத் தேடச் சொல்லுங்கள். ஐந்து ரூபாய்க் குற்றிகளைக் கொடுத்து இருபது ரூபாய் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலை நினைத்து முதலாம் தரத்திலேயே ஓட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம். கணக்குள்ள நாளில் காலையில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பரிசோதித்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. வலி மட்டும் பொய்யில்லை. அது பயத்தின் வலி. "எனக்குக் கணக்கு வராது" என்று ஆறு வயதில் முடிவு செய்த சிறுமி அதைப் பதினாறு வரை சுமக்கிறாள். சாதாரண தரத்தில் கணிதம் கைவிட்டால் எத்தனை கதவுகள் மூடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அருகில் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் நமது ஆரம்பப் பிரிவுக்கு வாருங்கள். புளியங்கொட்டையும் ஈர்க்குக் கட்டும் போதும். தூரத்தில் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளையோடு இன்று மாலையே தொடங்குங்கள். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையாயினும் நகரத்துப் பிள்ளையாயினும், கணக்கைப் பயமின்றித் தொடங்கும் உரிமை அவளுக்கு உண்டு.