ஒரு மீட்டும் ஒரு சங்கதியும்

வீணை வாசிப்பவரின் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருப்பதைக் கச்சேரிக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். அதில் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். பாட்டுக்கு நடுவே இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதில் தொட்டுக்கொள்வார்கள். எஃகுத் தந்தியை மெட்டின் மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, அந்த இரண்டு விரல் நுனிகளிலும் கோடு விழுந்து காய்த்துப் போயிருக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் விரல் வழுக்காது. வழுக்காவிட்டால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவும் இழைவும், வராது. வீணை கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்கள் அந்த வலியே பெரும் பாடமாக இருக்கும்.

சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் அந்த வலிக்கு ஒரு அளவு இருக்கும். “இவ்வளவு இழுத்தால் போதும், இதற்கு மேல் தந்தி தாங்காது” என்று அவர் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல யாரும் இல்லாத ஒருவர் வீணையை எடுத்தார். அவர் எஸ். பாலசந்தர். ‘வீணை’ பாலசந்தர் என்றால் இன்னும் சட்டென்று அடையாளம் தெரியும். தானாகவே கற்றுக்கொண்டவர்கள் நம் சங்கீதத்தில் குறைவு. அந்தச் சிலரிலும், கற்ற வாத்தியத்தின் குரலையே மாற்றியவர் இவர்.

பாலசந்தர் 1927 ஜனவரி 18-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வக்கீல். சங்கீதத்தின் மேல் தீராத ஆசை கொண்டவர். மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குச் சங்கீதக்காரர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் அந்தக் குடும்பத்தோடு மிக நெருக்கமாக இருந்தார். அண்ணன் எஸ். ராஜம் அவரிடமும் அம்பி தீட்சிதரிடமும் முறையாகப் பாட்டுக் கற்றவர். சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் இன்று நம் வீட்டுச் சுவரிலும் சபா மேடையிலும் தென்படும் அந்த முகங்களைத் தூரிகையால் தந்தவரும் இதே ராஜம்தான். அக்கா ஜெயலட்சுமியும் பாடுவார். பின்னாளில் ‘சிவகவி’ படத்தில் நடித்தார்.

இந்த வீட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. “குரு இல்லாமல் கற்றவர்” என்று சொன்னதும், எங்கோ ஒரு மூலையில் யாரும் கவனிக்காமல் கிடந்த பையன், திடீரென்று ஒருநாள் வாத்தியத்தை எடுத்தான் என்ற எண்ணம் வந்துவிடும். பாலசந்தர் கதை அப்படி இல்லை. அவருக்கு வீணை சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் காலையில் கண் விழித்தால் பாட்டு, படுக்கப் போகும்போது பாட்டு. அண்ணனுக்கு நடந்த பாடம் தம்பியின் காதிலும் விழுந்துகொண்டே இருந்தது. எதிரில் உட்கார வைத்துக் கற்பிக்காவிட்டாலும் காது கற்றுக்கொண்டேதான் இருந்தது.

முதலில் கைக்கு வந்தது கஞ்சிரா. 1934-இல் பிரபாத் கம்பெனி தயாரித்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராஜம் ராமனாகவும் ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தார்கள். உடன்பிறந்தவர்கள் ராமனும் சீதையுமா என்று அன்றைக்குப் பேச்சு எழுந்தது. அந்தப் படத்துக்குச் சங்கீதம் பாபநாசம் சிவன். அதில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சின்னப் பையனாக வருபவர் பாலசந்தர். அப்போது அவருக்கு ஏழு வயது.

கஞ்சிராவோடு நிற்கவில்லை. தபலா, மிருதங்கம், ஹார்மோனியம், புல்புல்தாரா, தில்ரூபா, சிதார் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். எதற்கும் ஆசிரியர் இல்லை. ஒரு வாத்தியத்தை எடுத்து, அதன் குணம் பிடிபடும்வரை விடமாட்டார், பிடிபட்டதும் அடுத்தது. இதை வெறும் சுறுசுறுப்பு என்று தள்ளிவிட முடியாது. தாள வாத்தியத்தில் தொடங்கியவருக்குக் காலப்பிரமாணம் உடம்பில் ஊறிவிடும். ஹார்மோனியத்தில் ஸ்வரம் தனித்தனியாக, கட்டையாக நிற்கும். தில்ரூபாவில் வில் பட்டதும் ஸ்வரம் இழைந்து நீளும். எந்த வாத்தியத்துக்கு எது கைவராது என்பதை விரலாலேயே தெரிந்துகொண்ட பையன் அவர்.

பதின்ம வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார். 1938 ஜூன் 16-இல் தொடங்கிய நிலையம் அது. அப்போது அதற்குச் சில வயதுதான். பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு நடந்த காலம். சிவப்பு விளக்கு எரிந்தால் வாசித்தே ஆகவேண்டும். பிசகினால் திருத்திக்கொள்ள வழியில்லை. தினமும் வித்வான்கள் வருவார்கள், பாடுவார்கள், வாசிப்பார்கள். காதால் கற்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையாது. அண்ணன் ராஜமும் பிறகு இதே நிலையத்தில் நீண்ட காலம் பணியாற்றினார்.

அந்தச் சமயத்தில் பாலசந்தர் கையில் இருந்தது சிதார். அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். நம் ராகங்களுக்கு உரிய கமகம் சிதாரில் முழுமையாக உட்காரவில்லை என்று பட்டதும் வீணைக்கு மாறினார். ஆனாலும் சிதார் சும்மா போகவில்லை என்றே தோன்றுகிறது. சிதாரின் மெட்டுகள் வளைந்தவை. தந்தியை வெகுதூரம் இழுக்க இடம் கொடுப்பவை. அப்படி இழுத்துப் பழகிய கை, வீணையில் வந்து உட்கார்ந்தபோதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இங்கே வீணையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலா மரத்தில் குடைந்த குடம், நீண்ட தண்டி, நுனியில் யாளி முகம். தண்டியின் மேல் மெழுகு வார்த்து, அதில் 24 மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. வாசிப்புத் தந்திகள் நான்கு, தாளத்துக்கும் சுருதிக்கும் பக்கத்தில் மூன்று. மீட்டினால் ஒலி பிறக்கும். பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். குரலில் மூச்சு இருக்கும்வரை ஒரு ஸ்வரத்தை நிறுத்தலாம், நாகஸ்வரத்திலும் அப்படியே. வீணையில் அது முடியாது. ஆகவே வீணைக்காரர்கள் அடிக்கடி மீட்டி ஒலியை உயிரோடு வைத்திருப்பார்கள். காரைக்குடி சகோதரர்களின் வாசிப்பில் அந்த மீட்டே ஒரு கம்பீரம். வீணை தனம்மாள் வேறு வழி போனார். மிருதங்கம்கூட வேண்டாம் என்று வைத்து, மெல்லிய ஒலிக்குள்ளேயே நுணுக்கங்களை ஒளித்தார்.

பாலசந்தர் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. வலது கையால் ஒரு முறை மீட்டுவார். அந்த ஒலி தேய்வதற்குள் இடது கை வேலையைத் தொடங்கிவிடும். தந்தியை ஒரே மெட்டில் வைத்து, பக்கவாட்டில் இழுத்து, அடுத்த ஸ்வரம், அதற்கடுத்த ஸ்வரம் என்று ஏறி, அங்கே ஒரு அசைவு கொடுத்து, மெல்ல விட்டு இறங்குவார். விரல் மெட்டை விட்டு நகர்ந்திருக்காது. ஆனால் காதில் ஒரு முழுச் சங்கதி விழுந்திருக்கும். பாடகர் ஒரே மூச்சில் பாடுகிற சங்கதியை வீணை ஒரே மீட்டில் பேசிவிடும்.

சொல்வதற்கு எளிது. தந்தியை இழுக்க இழுக்க இறுக்கம் கூடும், ஸ்வரம் உயரும். எவ்வளவு இழுத்தால் எந்த ஸ்வரம் என்பதற்கு மரத்தில் ஒரு கோடும் கிடையாது. ஒரு மயிரிழை கூடினால் காந்தாரம் வேறு ராகத்துக்குப் போய்விடும். ஏறுவதாவது பரவாயில்லை, விடுவதுதான் கடினம். இழுத்த தந்தியை அளந்து அளந்து தளர்த்த வேண்டும். அந்த இறக்கம் பாலசந்தரின் இசைத்தட்டுகளில் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதைக் கேட்டால், அந்த விரலுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் மணிநேரம் இருந்திருக்கும் என்று மலைப்பாக இருக்கும். அவருடைய ராக ஆலாபனையில் நாகஸ்வரத்தின் நீளமும் அகலமும் தெரியும். தோடியை அவர் விரிக்கும்போது கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நின்று கேட்பது போல இருக்கும். வீணையில் இதெல்லாம் ஆகாது என்று சொல்ல அவருக்கு ஒரு வீணை ஆசிரியர் இல்லை. குரலும் நாகஸ்வரமும் என்ன செய்யுமோ அதையே வீணையிடம் கேட்டார். கேட்டதை வாங்கியும்விட்டார்.

இதே காலத்தில் இன்னொரு பையனும் இப்படித்தான் வளர்ந்தான். பாலசந்தர் பிறப்பதற்கு இரண்டரை மாதம் முன்பு, 1926 நவம்பரில், திருவிடைமருதூரில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம். ரசிகர்களுக்கு ‘மாலி’. மாமா கோபால ஐயர் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாட்டைக் கேட்டே புல்லாங்குழலில் வாசித்தவர். 1933-இல் மயிலாப்பூர் தியாகராஜ உற்சவத்தில் அவர் வாசித்தபோது, பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரும் வயலின் வித்வான் பரூர் சுந்தரம் ஐயரும் அந்த ஏழு வயதுப் பையனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அதுவரை குழலில் துளைக்கொரு ஸ்வரமாகத் தத்தித் தத்திப் போன இசை, மாலியின் கையில் குரல் போல வழுக்கிக்கொண்டு போனது. விரல் நுனிக்குப் பதிலாக விரலின் பக்கத் தசையால் துளைகளைப் பாதி திறந்து பாதி மூடும் பிடி அவருடையது. இருவரும் வேறு வேறு வாத்தியம், வேறு வேறு சுபாவம். ஆனால் ஆசிரியர் இல்லாத இரண்டு பேருமே பாட்டை வாத்தியத்துக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள்.

பாலசந்தர் சினிமாவையும் அப்படியே கற்றார். 1948-இல் ‘இது நிஜமா’வில் இரட்டை வேடம். பிறகு இயக்கம், நடிப்பு, இசை என்று பல வேலைகள். 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் சிவாஜி கணேசன் நடித்து, பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வந்தது. படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. இருபது முப்பது பாட்டு இருந்த தமிழ்ப் படங்களின் காலம் முழுதும் முடியாத நேரம் அது. தன் உயிரே சங்கீதம் என்று இருந்த ஒருவர், கதைக்குத் தேவையில்லை என்றதும் பாட்டை எடுத்துவிட்டார். அந்தப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 1964-இல் அவர் இசையமைத்து இயக்கிய ‘பொம்மை’யில்தான் கே.ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரைக்குப் பாட வந்தார். 1970-இல் ‘நடு இரவில்’ வெளியானது. அதோடு சினிமாவை விட்டு முழுக்க வீணையிடம் வந்துவிட்டார்.

அவருடைய வாசிப்பை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. இழுப்பு அதிகமானதால் வீணைக்கே உரிய மீட்டின் அழகு பின்னால் போய்விட்டது என்ற குறை உண்டு. அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. கிருதிகளை வாசிக்கும்போது சாகித்தியத்தின் எழுத்துக்கு எழுத்து மீட்டு விழுவதில் ஒரு தெளிவு இருக்கிறது. அது பழைய பாணிக்காரர்களிடம் அதிகம். பாலசந்தரின் பெரிய சொத்து ஆலாபனையும் தானமும்தான். விவாதங்களிலும் அவர் பின்வாங்கியவர் இல்லை. புதிய ராகங்கள் தொடர்பாகப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணாவோடும், சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் தொடர்பாகப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரோடும் நடந்த சர்ச்சைகள் 1980-களில் பத்திரிகை வாசகர்கள் நன்கு அறிந்தவை. மனிதர்களை அவர் சுலபமாகச் சம்பாதிக்கவில்லை. தான் சரி என்று நினைத்ததற்காக எதையும் இழக்கத் தயாராக இருந்தார்.

ஆனால் அவர் விட்டுப்போன வேலைகளில் ஒன்று, எதிர்க் கருத்துக்காரர்களும் மதிக்க வேண்டியது. தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிந்தார். அந்த 72-இல் 40 விவாதி மேளங்கள். பாடவே பலர் தயங்கும் ராகங்கள் அவை. ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஸ்வரங்களைக் காதுக்கு இதமாகக் கொடுக்கச் சொன்னால் தேர்ந்த வித்வானும் யோசிப்பார். அண்ணன் ராஜமும் இதே காட்டில் உலவியவர். கோடீஸ்வர ஐயரின் 72 மேள கிருதிகளைப் பாடிப் பரப்பினார். குருவிடம் கற்ற அண்ணனும் குரு இல்லாத தம்பியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது, மயிலாப்பூர் வீட்டில் காதில் விழுந்ததன் பலன் என்றுதான் கொள்ள வேண்டும்.

1982-இல் பாலசந்தருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1990 ஏப்ரல் 13-ஆம் நாள் பிலாயில் காலமானார். வயது 63. குரு இல்லாமல் கற்றவர், மற்றவருக்குக் குருவாக இருப்பது எளிதல்ல. தன் காதால் கண்டுபிடித்ததை இன்னொருவர் விரலுக்கு எப்படி மாற்றுவது? ஆனாலும் அவரிடம் கற்று, இன்று உலக மேடைகளில் வாசிக்கும் ஜெயந்தி குமரேஷ் போன்றவர்கள் இருக்கிறார்கள். பாலசந்தருக்குக் கிடைக்காத ஒன்று, எதிரே உட்கார்ந்து கற்கும் பாக்கியம், அவர் மூலமாக அவர்களுக்குக் கிடைத்தது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலசந்தரின் ஏதாவது ஒரு ஆலாபனை கிடைத்தால், முதல் ஐந்து நிமிடம் ராகத்தைக்கூடக் கவனிக்க வேண்டாம். வலது கை எத்தனை முறை மீட்டுகிறது என்று மட்டும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு மீட்டுக்கு நடுவே, தேய்ந்துகொண்டே போகும் அந்த ஒலியின் கடைசி இழை வரைக்கும் ராகம் நகர்ந்துகொண்டிருப்பது கேட்கும். கூடவே, தந்தியின் மேல் விரல் உரசும் சின்னச் சத்தமும்.