லுக்சம்பூர் மாளிகையில் புதுச்சேரிக்கு ஓர் இருக்கை

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

பகவான் மகாவீரர் தோன்றிய நாடு, ஒருவரே தனித்து ஆளும் முடியரசு அன்று. வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வஜ்ஜியர் கூட்டாட்சியில் குலத்தலைவர்கள் அவையில் கூடி, ஆராய்ந்து, முடிவு செய்தனர். அன்னை திரிசலை, அந்த வைசாலியின் தலைவர் சேடகரின் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே அவை என்பதும், அவையில் ஒருவர் சொல்ல மற்றவர் செவிசாய்ப்பதும் மகாவீரர் பிறந்து வளர்ந்த சூழலிலேயே இருந்தன.

அவர் கேவலஞானம் எய்திய பின்னர் அமைந்த அவை சமவசரணம். அங்கே பன்னிரு கோட்டங்கள் உண்டு. துறவியரும் இல்லறத்தாரும், ஆடவரும் பெண்டிரும், தேவரும் விலங்குகளும் தத்தமக்குரிய இடத்தில் அமர்ந்தனர். பெருமானின் திவ்யத்வனி அவரவர்க்கு அவரவர் மொழியிலேயே விளங்கிற்று என்று ஆகமங்கள் கூறும். எல்லோர்க்கும் இடம் இருத்தல், எல்லோர்க்கும் விளங்குதல் என்னும் இவ்விரண்டும் நல்லவைக்கு இலக்கணம் எனக் கொள்ளலாம். இவற்றை அளவுகோலாக வைத்து, இந்தப் புதுச்சேரி மண்ணின் வரலாற்றில் பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதியை நோக்குவது இன்றைய உரையின் பொருள்.

இன்று புதுச்சேரிக்கு மாநிலங்களவையில் ஓர் இருக்கை உண்டு என்பதை அனைவரும் அறிவர். ஆனால் இந்தியா விடுதலை பெறுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு நாட்டின் மேலவையில் புதுச்சேரிக்கு ஓர் இருக்கை இருந்தது. அந்த மேலவை பிரெஞ்சுக் குடியரசின் செனட் சபை. பாரிசு நகரத்தில் லுக்சம்பூர் மாளிகையில் அது கூடிற்று. 1875ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன், பிரெஞ்சிந்தியா ஆகிய நான்கு குடியேற்றங்களுக்கும் தலைக்கு ஒரு செனட்டரை வழங்கிற்று. பிரெஞ்சிந்தியா என்பது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் சேர்ந்தது. வங்கத்துச் சந்திரநாகூர்க்காரருக்கும் மலையாளக் கரையின் மாஹேக்காரருக்கும் புதுச்சேரித் தமிழர்க்கும் சேர்த்து ஒரே ஒருவர்.

தொடக்கத்தில் அச்சபையின் உறுப்பினர் 300 பேர். முதல் உலகப்போருக்குப் பின் அல்சாசு, லொரேன் பகுதிகள் பிரான்சுக்குத் திரும்பியதால் அத்தொகை 314 ஆயிற்று. அந்த 314 பேரில் பிரெஞ்சிந்தியாவின் குரல் ஒன்று.

செனட்டரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. நாற்பது வயது நிரம்பியவரே அப்பதவிக்கு வரலாம். பதவிக்காலம் ஒன்பது ஆண்டுகள். கீழவை உறுப்பினரான தெப்புத்தேயும், பொதுச் சபை உறுப்பினரும், அந்தந்த ஊர்களின் உள்ளூர்ச் சபையினரும், நகரசபைகளின் பிரதிநிதிகளும் வாக்களித்தனர். 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுச்சேரி நகரசபை ஐந்து பிரதிநிதிகளையும், காரைக்கால் நகரசபை மூவரையும், ஏனைய ஒவ்வொரு கொம்யூனும் இருவரையும் அனுப்பின. ஒவ்வொரு குடியேற்றத்தின் தலைமையூரிலும் வாக்குப்பதிவு நடந்தது. எல்லோரையும் கூட்டினாலும் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வரிசைகளில் அமர்ந்துவிடத்தக்க எண்ணிக்கையே ஆகும்.

அக்காலத்துப் பிரித்தானிய இந்தியாவோடு ஒப்பிட்டால் இது பெரும்பேறு போலவே தோன்றும். எல்லையைத் தாண்டினால் கடலூர். அங்கும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1921இல் ராஜாங்க சபை என்னும் மேலவை தில்லியில் தொடங்கப்பட்டது. மொத்தம் 60 இடங்கள். சீனிவாச சாஸ்திரியார், செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியார் போன்ற பெருமக்கள் அதில் அமர்ந்தனர். ஆயினும் அதற்கு வாக்களிக்கும் தகுதி பெற்றோர் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் ஏறக்குறைய 17,000 பேர் மட்டுமே. பெருநிலமும் பெருஞ்செல்வமும் உடையோர்க்கே அந்த உரிமை. புதுச்சேரியிலோ 1871 முதல் வயதுவந்த ஆடவர் அனைவரும் தெப்புத்தே தேர்தலில் வாக்களிக்கலாம். அந்தத் தெப்புத்தேயும், அதே ஆடவரின் வாக்கால் வந்த சபையினரும் செனட்டரைத் தேர்ந்தெடுத்தனர். ஏட்டளவில் நோக்கினால் புதுச்சேரிக்காரரின் உரிமை கடலூர்க்காரரின் உரிமையைவிடப் பன்மடங்கு பெரிது.

ஆனால் ஏட்டளவிலான உரிமை எவ்வளவு தூரம் உண்மையாக நின்றது? வாக்காளர் அனைவரும் ஒரே பட்டியலில் இல்லை. 1881ஆம் ஆண்டு ஆணை, தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க இந்தியர்க்கு வழிவிட்டது. அவ்வாறு ஏற்றவர் 'உரிமை துறந்தோர்' எனப்பட்டனர். பின்னர் 1884இல் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்கள் வந்தன. 1899 முதல் அவை இரண்டாயின. விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியப் பட்டியலுக்கு, அதன் எண்ணிக்கைக்குச் சற்றும் ஒவ்வாத அளவில் சபை இடங்கள் கிடைத்தன. அச்சபையினரே செனட்டரைத் தேர்ந்தெடுப்போர் என்பதால், எண்ணிக்கையில் மிகச் சிறியோரின் சொல் மிகப் பெரிதாக நின்றது.

இதன் விளைவு செனட்டர்களின் பெயர்களைக் கேட்டாலே விளங்கும். 1909இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எத்தியேன் ஃப்ளாந்தேன், துனீசியாவில் பிரெஞ்சு அரசின் தலைமைப் பிரதிநிதியாகப் பணியாற்றியவர். பின்னாளில் பிரான்சின் பிரதமரான பியேர் எத்தியேன் ஃப்ளாந்தேனின் தந்தை. அவருக்குப்பின் வந்த போல் ப்ளுய்சேன் பத்திரிகையாளர். முதலில் பிரெஞ்சிந்தியாவின் தெப்புத்தேயாகவும், பின்னர் 1928இல் காலமாகும்வரை செனட்டராகவும் இருந்தார். அடுத்து அந்த இருக்கையில் அமர்ந்தவர் எழேன் லெ முவாஞிக். இவர்கள் திறமையற்றவர் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் 1875ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இரண்டாம் உலகப்போர் வரை அந்த இருக்கையில் ஒரு தமிழரும் அமரவில்லை. ஓர் இந்தியரும் அமரவில்லை.

இங்கு நின்று தேர்தலில் போட்டியிட இந்த ஊரில் வாழ்ந்திருக்க வேண்டும் என்னும் நியதியும் இல்லை. 1914ஆம் ஆண்டு தெப்புத்தே தேர்தலில் ப்ளுய்சேனை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்ற போல் ரிஷாரும் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவரே. அவருடன் வந்த துணைவியார் மிர்ரா, பிற்காலத்தில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னையாக இந்நகரிலேயே நிலைத்தார் என்பது வேறு வரலாறு.

அதே சட்டத்தால் அதே ஓர் இருக்கையைப் பெற்ற மார்த்தினிக் தீவின் நிலை வேறாக இருந்தது. அத்தீவின் சேன்பியேர் நகரில் பிறந்த ஆன்றி லெமெரி, 1920 முதல் அத்தீவின் செனட்டராக அமர்ந்து, 1934இல் பிரான்சின் நீதி அமைச்சராகவும் உயர்ந்தார். தன் மகனையே அனுப்ப ஒரு சிறு தீவுக்கு இயன்றது, புதுச்சேரிக்கு இயலவில்லை. ஒரே சட்டத்தின் கீழ் இருந்த இரு ஊர்களிடையே இவ்வேறுபாடு நேர்ந்ததால், குறையைச் சட்டத்தின் மேல் மட்டும் சுமத்துவதற்கில்லை. பட்டியல் பிரிவினையும், சாதிக் கட்சிகளும், தேர்தல்தோறும் நிகழ்ந்த அடிதடியும் சேர்ந்து இவ்வூரார் ஒருமித்து ஒருவரைத் தேர்வதைத் தடுத்தன.

அந்த மேலவை அதிகாரமற்ற அலங்கார அவை என்று எண்ணிவிடலாகாது. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் மசோதாவைக் கீழவை 1919இல் 344க்கு 97 என்னும் பெரும்பான்மையில் நிறைவேற்றிற்று. மூன்றாண்டுகள் காத்திருக்கச் செய்த பின், 1922 நவம்பரில் செனட் சபை 156க்கு 134 என்னும் கணக்கில் அதனை மேலும் ஆராயவே மறுத்தது. இடைவெளி 22 வாக்குகள் மட்டுமே. 1944ஆம் ஆண்டு ஆணை வரும்வரை பிரெஞ்சுப் பெண்கள் காத்திருக்க நேர்ந்தது. மகாவீரர் நிறுவிய சங்கம் நான்கு உறுப்புகளை உடையது: சாது, சாத்வி, சிராவகர், சிராவகி. சந்தனபாலையின் தலைமையில் 36,000 சாத்விகள் இருந்தனர் என்பது மரபு. இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் பெண்டிரைச் சங்கத்தின் உறுப்பாக ஏற்ற நெறியில் வந்தோர்க்கு, நாகரிகத்தின் தலைநகர் எனப் பெயர்பெற்ற பாரிசின் மேலவை 1922இல் செய்த முடிவு வியப்பளிக்கும்.

அடுத்து 1936. புதுச்சேரிப் பஞ்சாலைகளில் உழைத்தோர் வேலைநேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டனர். ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைக்கப்படுகிறது. அதன்பின் 1937 ஏப்ரலில் வேலைநேரத்தை வரையறுத்துச் சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்கும் ஆணை பிறந்தது. அவ்வாணை லெயோன் ப்ளும் தலைமையிலான மக்கள் முன்னணி அரசின் காலத்தது. இரண்டே திங்களில், 1937 ஜூனில், நிதித்துறையில் அவ்வரசு கேட்ட தனி அதிகாரங்களைத் தர மறுத்து அதனைப் பதவி விலகச் செய்ததும் இதே செனட் சபைதான்.

இங்கே நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. புதுச்சேரிக்கு அந்த மாளிகையில் அறுபது ஆண்டுகளாக இருக்கை இருந்தது. ஆயினும் ஆலைத் தொழிலாளியின் துன்பம் பாரிசின் செவியில் விழுவதற்குப் பன்னிரு உயிர்கள் போக வேண்டியிருந்தது. இடம் இருந்தும் குரல் சென்று சேரவில்லை. சமவசரணத்தின் இலக்கணங்களுள் ஒன்று ஏட்டில் நிறைவேறிற்று, மற்றொன்று நிறைவேறவில்லை.

அநேகாந்தவாதம் போதிப்பதும் இதனையே. பொருள் பல தன்மையுடையது. ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு பக்கமே தெரியும். ஆகவே மறுபக்கத்தில் நிற்பவரைக் கேளாமல் செய்த முடிவு முழுமையாகாது. நாட்டுக்கு இரண்டாவது அவை எதற்கு என்னும் வினாவுக்கும் இதுவே விடை. முதலவை காணாத பக்கத்தைக் காண்பதே மேலவையின் பணி. ஆலையில் நிற்பவர் கண்ட பக்கத்தை, ஆலையையே காணாத ஒருவர் எடுத்துரைப்பது அரிது. அகிம்சை என்பது கையை அடக்குவதோடு முடிவதன்று. துன்புறுவோர் சொல்லை உரிய காலத்தில் கேட்பதும் அதனுள் அடங்கும். காலம் தாழ்ந்து கேட்ட செவிக்கு 1936 ஜூலை சான்று.

போருக்குப்பின் நிலை மாறிற்று. நான்காம் குடியரசின் மேலவையான குடியரசு மன்றத்திற்கு 1947இல் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆலைத் தொழிலாளரோடு நின்று போராடியவர் அந்த மாளிகைக்குள் நுழைந்தார். ஆனால் அதற்குள் மக்களின் மனம் பாரிசை விட்டு நீங்கிவிட்டது.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூர் என்னும் சிற்றூரில் பிரதிநிதிகள் கூடினர். வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. இங்கே கருதத்தக்கது ஒன்று: கீழூரில் வாக்களித்தோரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையினரே. செனட்டரைத் தேர்ந்ததும் பெரும்பாலும் இத்தகைய சபையினரே. முன்னே கடல்கடந்த ஒருவர்க்குத் தம் குரலைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினர். பின்னே தம் மண்ணின் எதிர்காலத்தைத் தாமே முடிவு செய்தனர். முறை ஏறத்தாழ ஒன்றே. அதனைக் கையாண்ட மனவுறுதி வேறு.

இன்று புதுச்சேரிச் சட்டப்பேரவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 உறுப்பினர்கள் மாநிலங்களவைக்கு ஒருவரை அனுப்புகின்றனர். 314இல் ஒன்றாக இருந்த இருக்கை, இன்று ஏறத்தாழ 245இல் ஒன்று.

ஜைன சமுதாயத்தார்க்கு இவ்வரலாறு அயலானதன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஜைனர் ஏறக்குறைய 44.5 இலட்சம், நூற்றுக்கு அரைப்பங்கும் இல்லை. 2014 ஜனவரியில் நடுவண் அரசு ஜைனரைச் சிறுபான்மையினராக அறிவித்தது. அதுவும் ஏட்டில் கிடைத்த ஓர் இடம். அவ்விடம் குரலாவதும் வெறும் இருக்கையாக நின்றுவிடுவதும், சமுதாயத்தார் வாக்குச்சாவடிக்குச் செல்வதிலும், ஊர்ப் பொதுக்காரியங்களில் பங்குகொள்வதிலும், தம்முள் பட்டியல் பட்டியலாகப் பிரிந்து நில்லாமையிலும் இருக்கிறது. தம்மினும் சிறியோர், தம் கடையிலும் ஆலையிலும் உழைப்போர், தம் வாயிலில் வந்து நிற்போர் ஆகியோரின் சொல்லைக் கேட்பதும் அதே அளவு இன்றியமையாதது. தமக்குச் செவி வேண்டுவோர் பிறர்க்குச் செவி தருதல் கடன்.

மகாவீரர் பிறந்தநாளில் இவ்வூர்ச் சமுதாயம் அக்கடனை ஏற்குமாயின், இவ்விழா நிறைவுறும்.

வாழ்க அறம். வளர்க அகிம்சை. ஜெய் ஜினேந்திரா.